சுண்டல் பொட்டலத்தில் ஒரு பாடம்

பிள்ளைகளே, சொந்தங்களே,

சிங்கப்பூர் செந்தோசா தீவில் நான் காற்றில் மிதந்த வீடியோவைப் பார்த்துவிட்டு, “இந்த வயசுல இதெல்லாம் தேவையா டீச்சர்?” என்கிறீர்கள். தேவைதான்.

அங்கே விமானமும் இல்லை, பாராசூட்டும் இல்லை. பெரிய குழாய்க்குள் கீழிருந்து காற்று சீறுகிறது. கைகால் விரித்துப் படுத்தால் எடையும் காற்றுத்தடையும் சமமாகி மிதக்கிறோம். உடம்பைக் குறுக்கினால் இறங்குகிறோம். வானத்திலிருந்து குதிப்பவரின் வேகம் மணிக்கு சுமார் 200 கி.மீ.க்கு மேல் ஏறாததும் இதனால்தான்.

முற்றுத்திசைவேகம்! முப்பது வருஷம் வரையறையை மனப்பாடம் செய்ய வைத்தேன். மார்க் வாங்கினீர்கள். எத்தனை பேருக்குப் புரிந்தது? எனக்கே அந்தக் குழாய்க்குள்தான் உறைத்தது. தப்பு என்னுடையது.

“லேப்பில் கருவி இல்லை, போர்ஷன் முடிக்கணும்” என்பது வெறும் சாக்கு. நானும் சொன்னேன். இப்போது ஆசிரியராக இருக்கும் நீங்களும் சொல்லாதீர்கள். செந்தோசா போக வேண்டாம். நம் கடற்கரைச் சாலையில் சுண்டல் மடித்துத் தரும் காகிதக் கூம்பு போதும். காற்றடிக்காத மாடிப்படியிலிருந்து கூர்முனை கீழாக விடுங்கள். சற்று தூரத்திலேயே ஒரே சீராக இறங்கும். அதே அளவில் நாலு கூம்பை ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகி விட்டால், அந்த வேகம் நாலு மடங்கு ஆகாது, இரண்டு மடங்குதான்.

ஏன் என்று பிள்ளைகள் கேட்கட்டும். வரையறையை அப்புறம் எழுதிக்கொள்ளலாம்.

உங்கள் இயற்பியல் டீச்சர்
புதுச்சேரி