வள்ளியைச் சொல்ல விக்டர் எதற்கு?

சாக்கோட்டையிலிருந்து ஒருவர், காரைக்குடி அலுவலகம் ஒன்றுக்குத் தொலைபேசியில் தம் மகளின் பெயரை 'வள்ளி' என்கிறார். கேட்பவர்க்கு விளங்கவில்லை. உடனே, "வி, விக்டர், ஏ, ஆப்பிள், எல், இலண்டன், மீண்டும் இலண்டன்" என்று அடுக்குகிறார். பேசுபவர் தமிழர், கேட்பவர் தமிழர், பெயரும் தமிழ்ப்பெயர். இடையில் இலண்டனுக்கு என்ன வேலை? அத்தனை அடுக்கியும் எழுதப்பட்டதோ 'வல்லி'! ஆங்கிலத்தில் ளகரம் ஏது?

எழுத்துக்கு ஒரு சொல் வைத்துக் கூறும் இம்முறை, கடலிலும் வானிலும் உயிர்காக்கும் முறையாகும். கொடியால் செய்தி சொல்லும் கப்பற் குறியீட்டு நூலைப் பிரித்தானியர் 1857-இல் வெளியிட்டனர். இன்றைய குறியீட்டில் சிவப்பும் மஞ்சளும் மூலைவாட்டாய் அமைந்த கொடி ஏறினால், 'ஆள் கடலில் வீழ்ந்தான்' என்று பொருள். இரைச்சல் மிகுந்த வானொலிப் பேச்சுக்கென ஆல்பா, பிராவோ எனத் தொடங்கும் 26 சொற்கள் 1956-இல் நிலைபெற்றன. பன்னாட்டுக் கப்பல்கள் தம்முள் பேச அவ்வரிசை வேண்டும். அதனை நாம் மறுக்கவில்லை.

ஆனால் ஒன்றை எண்ணிப் பாருங்கள். 1965-இல் திருத்தி ஏற்கப்பட்ட பன்னாட்டுக் குறியீட்டு நூல் ஒன்பது மொழிகளில் அமைந்தது. நார்வே மொழியும் கிரேக்கமும் அவற்றுள் அடங்கும். நார்வேயின் மக்கள்தொகை 60 இலக்கத்தையும் எட்டவில்லை. தமிழ் பேசுவோரோ, 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் மட்டும் ஏறத்தாழ 6.9 கோடியர்! அவர்தம் மொழிக்குப் பின்னால் ஓர் அரசு நின்றது. நம் மொழிக்குப் பின்னால் யார் நின்றார்?

கடல் நமக்குப் புதிதன்று. புகார்த் துறையில் கப்பற்கூம்பின்மேல் அசைந்த கொடியைப் பட்டினப்பாலை காட்டுகின்றது. இச்செட்டிநாட்டு நகரத்தார் பருமாவிலும் மலேயாவிலும் கடை நடத்தியபோதும் கணக்கைத் தமிழிலேயே எழுதினர். ஒலி மயங்கும் எழுத்துகளைத் தந்நகரம், றன்னகரம், டண்ணகரம் எனப் பெயரிட்டுப் பிரித்ததும் நம் மரபே.

அம்மரபை நீட்டுவோம். ழ, ள, ண, ன, ற ஆகியவை சொல்லின் முதலில் வாரா; ஆகவே இடையிலோ கடையிலோ அவ்வெழுத்து நிற்கும் சொல்லைக் கொள்வோம். வலையின் லகரம், புளியின் ளகரம், கிழக்கின் ழகரம், நண்டின் நகரம், மணியின் ணகரம், மீனின் னகரம். 'கிழக்கு' என்பதை ழகரம் நாவில் வாராதவர் சொன்னாலும், கேட்பவர்க்கு எழுத்து விளங்கிவிடும். இவ்வாறு பன்னீருயிர்க்கும் பதினெண் மெய்க்கும் ஆய்தத்திற்கும் 31 சொற்கள் போதும். அவை ஒன்றோடொன்று ஒலியில் மயங்காதிருத்தல் வேண்டும். மீனவர் தம் படகுகளுக்கிடையே கருவியில் பேசி ஆய்ந்த பின்னரே அவற்றை உறுதிசெய்தல் வேண்டும்.

பல்கலைக்கழகமும் அரசும் இதனை மேற்கொள்ள வேண்டும். அதுவரை நாம் வாளா இருத்தல் வேண்டா. நாளை உங்கள் பெயரை யாரேனும் தொலைபேசியில் கேட்டால், "புளியின் ளகரம்" என்று சொல்லுங்கள். இலண்டன் இருந்த இடத்திலேயே இருக்கட்டும்!