சாயம் பூசின குருவியை வாங்காதீங்க

பிஞ்ச் குருவி வளர்க்கப் போறோம், என்ன தீனி போடலாம்னு டவுன் சொந்தக்காரங்க கேட்கிறாங்க. தீனி அப்புறமுங்க. எந்தக் குருவின்னு முதல்ல சொல்லுங்க.

கூண்டிலேயே பிறந்த ஆஸ்திரேலியா ஜீப்ரா பிஞ்ச்னா சட்டப்படி தப்பில்லை. ஆனா சந்தையில மலிவா பச்சை, ரோஸ்னு விக்கிறாங்களே, அதுல பலதும் சாயம் பூசின நம்ம தினைக்குருவி. புத்தகத்துல சில்லைன்னு போட்டிருக்கும். காட்டுல வலை விரிச்சுப் பிடிச்சது. 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி இதைப் பிடிக்கிறதும் குற்றம், விக்கிறதும் குற்றம், வாங்குறதும் குற்றம்.

"தானியம் திங்கிற குருவிதானே, பிடிச்சா உங்களுக்கு லாபம்தானே?"ன்னு ஒருத்தர் கேட்டார். சோளமும் தினையும் கொஞ்சம் திங்கும்தான். களைப்புல்லோட விதையையும் அதுதானுங்க திங்குது. சேலம், நாமக்கல் பக்கம் சோளக்காடு பலதும் குச்சிக்கிழங்குக் காடாயிருச்சு. புல்லை உருண்டையா பின்னி அது கூடு கட்டின முள்வேலி போயி கம்பிவேலி வந்திருச்சு. மிச்சம் இருக்கிறதையும் கூண்டுல போடணுமா?

வளர்த்தே தீரணும்னா, எங்க பிறந்த குருவின்னு கேட்டு ஜோடியா வாங்குங்க. பிஞ்ச் பக்கவாட்டுல பறக்கும். உயரக் கூண்டு வேண்டாம், நீளக் கூண்டு வேணும். அடுப்படியில வைக்காதீங்க, காஞ்ச நான்ஸ்டிக் சட்டியோட புகையே கொன்னுபோடும். அஞ்சு வருஷத்துக்கு மேலயும் உயிரோட இருக்கும், குழந்தைக்கு வாங்குற பொம்மை இல்லை.

சாயக்குருவியைப் பரிதாபப்பட்டுக்கூட வாங்காதீங்க. உங்க காசுலதான் அடுத்த வலை வாங்குவாங்க. வனத்துறைக்குச் சொல்லுங்க.