பெயர் அறிந்த பின்னர்

குழந்தைக்கு மூன்று வயது நிரம்பிவிட்டது. பெயர் சொல்லி அழைத்தால் திரும்பிப் பார்ப்பதில்லை. வேண்டிய பொருளை விரல் நீட்டிக் காட்டுவதில்லை. புளியங்கொட்டைகளை நாள் முழுதும் வரிசையாக அடுக்குகிறது. ஒன்றை யாரேனும் நகர்த்திவிட்டால் வீடே அதிரும்படி அலறுகிறது. காது கேட்கவில்லையோ என்ற ஐயத்துடன் மருத்துவரிடம் சென்ற பெற்றோர், 'ஆட்டிசம்' என்னும் சொல்லைச் சுமந்துகொண்டு வீடு திரும்புகின்றனர். பென்னாகரத்திலோ, அரூரிலோ, பாலக்கோட்டிலோ இத்தகைய இல்லம் ஒன்றை நம் வாசகர்கள் அறிந்திருக்கக் கூடும். சிலருக்கு அது தம் சொந்த இல்லமாகவே இருக்கலாம். அவர்களோடு அமர்ந்து சிறிது சிந்திப்போம்.

முதலில் இச்சொல்லின் பொருளைத் தெளிவுபடுத்திக் கொள்வோம். 'தான்' எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்தது ஆட்டிசம். தமிழில் இதனை மன இறுக்கம், மதி இறுக்கம் என்கிறோம்; அரசுத் தாள்களில் 'புற உலகச் சிந்தனையற்றோர்' என்ற தொடரும் வழங்குகிறது. இப்பெயர்களைக் கேட்போர், குழந்தையின் உள்ளம் இறுகிப்போயிற்று என்றும், உலகை அது பொருட்படுத்துவதில்லை என்றும் எண்ணிவிடுகின்றனர். உண்மை வேறு. இக்குழந்தைகளுள் பலருக்குப் புற உலகம் அளவுக்கு மீறியே வந்து மோதுகிறது. குக்கரின் விசிலும், பேருந்து நிலையத்து இரைச்சலும், புதிய சட்டையின் உரசலும் தாங்க இயலாத துன்பமாகின்றன. மூளை வளரும் முறையில் தொடக்கத்திலேயே அமைந்துவிடும் வேறுபாடு இது. தொற்றி வந்த நோயன்று.

அடுத்து எழும் கேள்வி, யார் குற்றம் என்பது. பெரும்பாலும் விரல் தாயை நோக்கியே நீள்கிறது. கைபேசியைக் கொடுத்துக் கெடுத்தாள் என்பர். கிரகணத்தில் வெளியே வந்தாள் என்பர். குடும்பத்துச் சாபம் என்பாரும் உளர். கற்றோர் உலகமும் இதில் தூய்மையாக இருந்ததில்லை. 1943-இல் அமெரிக்க மருத்துவர் லியோ கானர் 11 குழந்தைகளை ஆராய்ந்து இந்நிலையை விரிவாக எழுதினார். அதன்பின் பல ஆண்டுகள், அன்பற்ற தாயின் குளிர்ந்த போக்கே இதற்குக் காரணம் என்ற கொள்கை மேலைநாடுகளில் கோலோச்சியது. புருனோ பெட்டல்ஹைம் 1967-இல் எழுதிய நூல் அதனை மேலும் பரப்பிற்று. ஆட்டிசம் உள்ள மகனுக்குத் தந்தையான பெர்னார்டு ரிம்லாண்டு என்னும் உளவியலாளர் அக்கொள்கையை 1964-இலேயே மறுத்திருந்தார். 1977-இல் பிரிட்டனில் 21 இரட்டையர் இணைகளை ஆராய்ந்தபோது, மரபணுவின் பங்கு தெளிவாயிற்று. தாயின் மீது சுமத்தப்பட்ட பழி அறிவியலின் முன் நிற்கவில்லை. பிறவியிலேயே பார்வையற்றவரைக் கண்ட சீடர்கள், இது யார் செய்த பாவம் என்று கேட்டதையும், ஆண்டவர் அக்கேள்வியையே தள்ளியதையும் யோவான் நற்செய்தியின் 9-ஆம் அதிகாரத்தில் நாம் வாசித்திருக்கிறோம். வாசித்த பின்னரும் அதே கேள்வியை ஒரு தாயிடம் கேட்பது முறையாகுமா?

இனி, ஏற்றுக்கொள்ளுதல் என்பது யாது? கைகழுவி விடுதலன்று. மனத்தில் வரைந்து வைத்திருந்த பிள்ளையை விடுத்து, கண்முன் நிற்கும் பிள்ளையைக் காணத் தொடங்குதலே அது. அதற்குக் காலம் வேண்டும். தாய் அழுது தேறியிருப்பாள். தந்தையோ அப்பேச்சையே எடுக்க விடமாட்டார். ஒருவர் மற்றவருக்காகக் காத்திருத்தலும் இல்லறத்தின் கடமையே.

கானர் எழுதிய 11 குழந்தைகளுள் முதலாமவர் டொனால்டு டிரிப்லெட். அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்துச் சிற்றூர் ஒன்றில் 1933-இல் பிறந்தவர். நான்கு வயது நிரம்பும் முன்னரே அவரைத் தொலைவிலுள்ள காப்பகத்தில் விட்ட பெற்றோர், அடுத்த ஆண்டே திரும்ப அழைத்து வந்தனர். பின்னர், ஒன்பது வயதளவில், ஓர் உழவர் இணையரிடம் அவர் வளரலானார். எதையும் அளந்துகொண்டே இருப்பது சிறுவனின் வழக்கம். அவர்கள் அவனைக் கிணறு தோண்டச் செய்து, ஆழத்தை அளந்து சொல்லச் சொன்னார்கள். சோளப் பயிரின் வரிசைகளை ஓயாமல் எண்ணினான். உழுதுகொண்டே எண்ணு என்று ஏரைக் கையில் கொடுத்தார்கள். 1945-இல் நேரில் சென்று பார்த்த கானர், அந்த எளிய மக்களின் ஞானத்தைக் கண்டு வியந்து எழுதினார். டொனால்டு பின்னாளில் பட்டம் பெற்றார், உள்ளூர் வங்கியில் பணியாற்றினார், கார் ஓட்டினார், 2023-இல் தம் 89-ஆம் வயதில் மறைந்தார்.

எல்லாப் பிள்ளைகளும் வங்கிக்குச் செல்வர் என்று நாம் கூறவில்லை. வாழ்நாள் முழுதும் பேசாதோரும் உளர். நாம் கற்க வேண்டியது அந்தக் கிணற்றையும் ஏரையும்தான். கேழ்வரகும் மாவும் பட்டுக்கூடும் விளையும் நம் மாவட்டத்தில் எண்ணவும், அடுக்கவும், பிரிக்கவும் வேலைக்குப் பஞ்சமில்லை. கொட்டைகளை அடுக்கும் பிள்ளையிடமிருந்து அவற்றைப் பிடுங்காமல், அருகில் அமர்ந்து எண்ணிக் கொடுத்தால் அதுவே முதற்பாடம்.

பெயர் அறிந்ததனால் சில கதவுகளும் திறக்கின்றன. 1995-ஆம் ஆண்டின் சட்டத்தில் ஆட்டிசம் இடம்பெறவில்லை. 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டமும், 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் அதனைச் சேர்த்துக்கொண்டன. 40 விழுக்காடும் அதற்கு மேலும் குறைபாடு உண்டெனச் சான்று பெற்ற பிள்ளைக்கு 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி உரிமையாகும். தேசிய அறக்கட்டளையின் 'நிராமயா' திட்டம் ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை மருத்துவக் காப்பீடு தருகிறது. பேச்சுப் பயிற்சியும் செயற்பயிற்சியும் எவ்வளவு விரைவில் தொடங்குகின்றனவோ அவ்வளவு நன்று. தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும், மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்திலும் கேட்கத் தயங்க வேண்டாம்.

முற்றிலும் குணமாக்குவோம் என்று விளம்பரம் செய்வோரிடம் நிலத்தை விற்றுக் கொண்டு போய்க் கொட்டாதீர்கள். ஸ்டெம் செல் சிகிச்சையை ஆட்டிசத்திற்குப் பரிந்துரைக்க இயலாதென 2022-இல் தேசிய மருத்துவ ஆணையமே அறிவித்துள்ளது.

அண்டை அயலார்க்கும் ஒரு சொல். திருப்பலியின் நடுவே ஒரு பிள்ளை கூவினால், கோவில் முழுதும் திரும்பித் தாயை நோக்குகிறது. அந்தப் பார்வைக்கு அஞ்சியே பல குடும்பங்கள் திருவிழாவையும் திருமணத்தையும் விட்டொதுங்கி வாழ்கின்றன. அடுத்த ஞாயிறு அப்படி ஒரு குரல் எழுந்தால் நாம் திரும்பாதிருப்போம், பூசை முடிந்ததும் அருகே சென்று, "நல்லா இருக்கீங்களாம்மா?" என்று கேட்போம். பிள்ளையை ஏற்றுக்கொள்ளும் கடமை பெற்றோருக்கு மட்டும் உரியதன்று, ஊருக்கும் உரியது.