அயல்நாட்டுச் சிப்பந்தியும் இரவல் முதலாளியும்

அண்மையில் ஒரு கைத்தறி நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தின் நிர்வாகக் குழுக் கூட்டத்திற்குச் சென்றிருந்தேன். மேசை விரிப்பும் படுக்கை விரிப்பும் நெய்யும் சங்கம் அது. அதன் சரக்கு இதுகாறும் ஏற்றுமதி வியாபாரிகளின் கை வழியாகவே ஐரோப்பாவிற்குச் சென்று வந்தது. இனி நாமே நேராக விற்றால் என்ன என்று இளைய அங்கத்தினர் ஒருவர் வினவினார். ஜெர்மனியில் விற்பனைக்கென ஒருவரை நியமிக்கலாம். அதற்காக அங்கே கிளை திறக்க வேண்டியதில்லை. மாதக் கட்டணம் பெற்றுக்கொண்டு நமக்காக ஆளை வேலைக்கு வைத்துக்கொள்ளும் ஸ்தாபனங்கள் இருக்கின்றன என்றும் அவர் எடுத்துரைத்தார். கூடியிருந்தோரில் பாதிப் பேர் மகிழ்ந்தனர். பாதிப் பேர் ஐயுற்றனர். இரு சாரார் பக்கமும் நியாயம் உண்டு. இக்கேள்வி மஞ்சள் விளைவிப்போர் சங்கங்களுக்கும் நாளை வரக்கூடியதே. ஆதலின் என் அபிப்பிராயத்தை இங்கே எழுதத் துணிந்தேன்.

முதலில் ஏற்பாடு இன்னதென்று அறிவோம். இதனை 'எம்ப்ளாயர் ஆஃப் ரெக்கார்டு' என்று வணிக உலகம் அழைக்கிறது. நாம் ஆளைத் தேர்ந்தெடுக்கிறோம். அவருக்கு நியமன உத்தரவு வழங்குவது அந்த நாட்டில் பதிவு பெற்ற இடை நிறுவனம். சம்பளம் கொடுப்பதும், வருமான வரி பிடித்துக் கட்டுவதும், சமூகக் காப்பீட்டிற்குப் பணம் செலுத்துவதும் அதன் வேலை. அன்றாடம் என்ன செய்ய வேண்டும் என்று சொல்வது நம் வேலை. ஏட்டில் முதலாளி ஒருவர், ஏவுகின்றவர் வேறொருவர். எனவே இதனை இரவல் முதலாளி என்று கூறுதல் பொருந்தும்.

இதனால் வசதி இல்லையென்று சொல்வதற்கில்லை. ஜெர்மனியில் வரையறுத்த பொறுப்புள்ள கம்பெனி ஒன்றை நாமே தொடங்குவதானால் குறைந்தபட்ச மூலதனம் 25,000 யூரோ வேண்டும். பத்திரப்பதிவும் கணக்கரும் ஆண்டறிக்கையும் தனி. ஒரே ஒரு சிப்பந்திக்காக இத்தனையும் செய்வது எறும்பைச் சுமக்க வண்டி பூட்டுவதாகும். அந்நாட்டுத் தொழில் சட்டத்தை அறியாமல் நேராக ஆள் வைத்துத் தவறு செய்வதைக் காட்டிலும், அறிந்தவரிடம் கட்டணம் கொடுத்துச் செய்விப்பது மேல். சந்தை நமக்கு ஏற்குமா என்று ஓராண்டு பார்த்துவிட்டு விலகவும் வழி இருக்கிறது.

ஆனால் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். ஒரு உதாரணம் கொள்வோம். மாதச் சம்பளம் 3,000 யூரோ. சம்பளத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு, வேலையளிப்பவர் செலுத்தும் சமூகக் காப்பீட்டுத் தொகையாகச் சேரும். அது 600 யூரோ. இடை நிறுவனத்தின் கட்டணம் 500 யூரோ என்று வைத்துக்கொள்வோம். ஆக மாதம் 4,100. ஆண்டுக்கு 49,200 யூரோ. விரிப்பு ஒன்றுக்கு எல்லாச் செலவும் போக 2 யூரோ மிஞ்சுவதாயின், இச்செலவை ஈடுகட்ட மட்டும் ஆண்டில் 24,600 விரிப்புகள் விற்றாக வேண்டும். தறி ஓடும் நாள் 300 எனில், நாள்தோறும் 82 விரிப்புகள். இதற்கு மேல் விற்பதே நெசவாளிக்கு ஆதாயம். நிர்வாகக் குழு தன் சொந்த எண்களைக் கொண்டு இக்கணக்கைப் போட்டு, மகாசபையின் முன் வைத்தல் வேண்டும். 'ஏற்றுமதி' என்னும் சொல்லின் இனிமையில் மயங்கிக் கையெழுத்திடலாகாது.

செலவைக் காட்டிலும் பெரிது பொறுப்பு. இடை நிறுவனம் இருக்கிறது, இனி நமக்கு எதுவும் இல்லை என்று எண்ணுவது பெரும் பிழை. பிறர் வேலை வாங்கும்பொருட்டு ஆளை அனுப்பும் நிறுவனம் உரிமம் பெற்றிருக்க வேண்டும் என்று ஜெர்மனியின் தொழிலாளர் வாடகைச் சட்டம் விதிக்கிறது. ஒரே தொழிலாளியை ஒரே இடத்திற்குத் தொடர்ந்து அனுப்புவதற்குப் பொதுவாக 18 மாதமே எல்லை. இது 2017 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ளது. உரிமம் இல்லாமற்போனால், அத்தொழிலாளி வேலை வாங்கியவரின் சிப்பந்தியாகவே சட்டத்தின் கண்ணில் ஆகிவிடுவார். அப்போது இரவல் முதலாளி விலகிக்கொள்வார். சங்கம் உண்மை முதலாளியாக நிற்கும். வரி விஷயமும் அத்தகையதே. அந்த நபர் சங்கத்தின் பெயரால் வழக்கமாக ஒப்பந்தங்களை முடித்து வந்தால், சங்கத்திற்கு அந்நாட்டில் நிலையான தொழிலிடம் உண்டு என்று கருதி, வரி அதிகாரிகள் இலாபத்திற்கு வரி கேட்கலாம். சம்பளச் சீட்டில் வேறொருவர் பெயர் இருப்பது அதற்குக் கேடயம் ஆகாது.

இடையில் ஒருவரை வைத்து ஆள் அமர்த்துவது தமிழருக்குப் புதிதன்று. இலங்கையின் தோட்டங்களுக்கும் மலாயாவின் இரப்பர்க் காடுகளுக்கும் நம்மவர் கங்காணிகளின் பின்னே சென்றனர். வேலைக்கு வந்த தலைக்கு இவ்வளவு என்று கங்காணிக்குத் தலைக்காசு கிடைத்தது. துரை கங்காணியைக் காட்டினார். கங்காணி கடன் கணக்கைக் காட்டினார். இலங்கையில் தொழிலாளியைக் கடனோடு பிணைத்த 'துண்டு' முறை 1921இல் ஒழிந்தது. மலாயாவிற்குக் கங்காணி வழி ஆள் செல்வது 1938இல் இந்திய அரசாங்கத்தின் தடையால் நின்றது. இன்றைய இடை நிறுவனத்தைக் கங்காணி என்று பழிப்பது முறையன்று. இன்று எழுத்து ஒப்பந்தம் உண்டு, காப்பீடு உண்டு, நீதிமன்றம் உண்டு. எனினும், சம்பளம் தவறினால் யாரைக் கேட்பது என்னும் பழைய கேள்வி இன்றும் உயிரோடிருக்கிறது. ஒப்பந்தக்காரர் கூலி தராவிடில் மூல முதலாளியே தர வேண்டும் என்று நம் நாட்டின் 1970ஆம் ஆண்டு ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் விதித்தது இக்கேள்விக்கு விடையாகவே.

கூட்டுறவுச் சங்கத்திற்கு இதில் தனிக் கடமை இருக்கிறது. தரகனுக்கும் லேவாதேவிக்காரனுக்கும் இடையில் நசுங்கிய நெசவாளியும் உழவரும் தம்மைக் காத்துக்கொள்ள அமைத்ததே சங்கம். அச்சங்கம், எங்கோ ஒரு தொழிலாளியை இடையாளின் மறைவில் வைத்து வேலை வாங்குமானால், தன் பிறப்பை மறந்ததாகும். மற்றொன்றையும் தணிக்கை செய்பவன் என்ற முறையில் சொல்கிறேன். இடை நிறுவனத்திற்குக் கொடுப்பது சம்பளத் தலைப்பில் வராது. 'சேவைக் கட்டணம்' என்ற தலைப்பில் நுழையும். சம்பளப் பட்டியலில் இல்லாத சிப்பந்தி அங்கத்தினர் கண்ணில் படமாட்டார். அவர் செய்யும் வேலையும் படாது. அவருக்கு நேரும் குறையும் படாது.

ஆகவே இவ்வழியில் செல்ல விரும்பும் சங்கம் நான்கு காரியங்களைச் செய்தல் நலம். முதலாவது, ஆண்டுச் செலவின் உச்ச வரம்பைக் குறித்து மகாசபையில் தீர்மானம் நிறைவேற்றல். இரண்டாவது, இடை நிறுவனத்தின் உரிமத்தை நேரில் சரிபார்த்து, சம்பளச் சீட்டின் நகலும் காப்பீடு கட்டிய ரசீதும் மாதந்தோறும் சங்கத்திற்கு வர வேண்டுமென்று ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளுதல். ஈட்டுத்தொகை கேட்டால் அது திரும்பும் நாளையும் குறித்தல். மூன்றாவது, விலையையும் விற்பனை ஒப்பந்தத்தையும் சங்க அலுவலகமே உண்மையாகத் தீர்மானித்தல். அதன் பின்னும் வரி அறிந்தவரின் எழுத்து மூலமான கருத்தைப் பெறுதல். நான்காவது, முடிவு நாள் ஒன்றைத் தொடக்கத்திலேயே குறித்தல். ஜெர்மனியாயின் 18 மாதத்திற்குள் சொந்த அலுவலகமா, விலகலா என்று முடிவு செய்துவிட வேண்டும்.

வேறு வழியும் இல்லாமலில்லை. தனித்தனிச் சங்கம் தனித்தனி ஆள் வைப்பதைவிடப் பத்துச் சங்கங்கள் கூடி ஒருவரை வைப்பது மலிவு. 2023 ஜனவரியில் பதிவு பெற்ற தேசியக் கூட்டுறவு ஏற்றுமதி நிறுவனம் இவ்வகை ஒன்றுசேர்தலுக்கென்றே எழுந்தது. குஜராத்தின் அமுல் கூட்டமைப்பு 2024இல் அமெரிக்காவில் பால் விற்க முற்பட்டபோது, மிச்சிகன் பால் உற்பத்தியாளர் சங்கத்தோடு கைகோத்தது. அதுவும் உழவர் கூட்டுறவே. கூட்டுறவுகளுக்கிடையே கூட்டுறவு வேண்டும் என்ற கொள்கையை 1966இல் சர்வதேசக் கூட்டுறவு இயக்கம் ஏற்றது. அயல்நாட்டில் கால் வைக்கும் நாளில் அதுவே நமக்கு முதல் வழியாகட்டும். இரவல் முதலாளி இரண்டாம் வழியாகட்டும்.

அந்த இளைய அங்கத்தினரின் ஊக்கத்தை நான் குறைத்துப் பேசவில்லை. நம் விரிப்பு நம் பெயரோடு அயல்நாட்டு மேசையில் விரிய வேண்டும். ஆனால் அதனை விற்கும் மனிதர் எந்நாட்டவராயினும் நம் சிப்பந்தி. அவருடைய கூலியும் விடுப்பும் நம் கவலை. முதலாளியின் பெயரை இரவல் வாங்கலாம். பொறுப்பை இரவல் கொடுக்க இயலாது. அடுத்த மகாசபையில் இக்கேள்வி வருமானால், கை தூக்குமுன் அங்கத்தினர் ஒவ்வொருவரும் கணக்கைக் கேட்பார்களாக. கூலிச் சீட்டையும் கேட்பார்களாக.