கையில்லா ஸ்வெட்டரும் கரிசல் குளிரும்

விருதுநகர்க்காரன் ஸ்வெட்டரைப் பற்றி எழுதினால் சிரிப்பார்கள் என்று தெரியும். வருஷத்தில் பத்து மாதம் பனியனே பாரமாகத் தெரிகிற ஊர் இது. மார்கழியும் தையும், அதிலும் விடியற்காலை நாலரையிலிருந்து எட்டு மணி வரைக்கும்தான் நமக்குக் குளிர்காலம். இருபது டிகிரியை நெருங்கினாலே "என்னா குளிரு!" என்று காதைப் பொத்திக்கொள்கிறோம். டில்லிக்காரன் கேட்டால் சிரிப்பான். சிரிக்கட்டும். எழுபது தாண்டிய உடம்புக்கு அந்த மூன்றரை மணி நேரம் லேசில் போவதில்லை.

இந்தக் குளிருக்குக் கையில்லா ஸ்வெட்டர்தான் சரி என்பது என் கட்சி. முழுக்கை ஸ்வெட்டர் போட்டால் எட்டரைக்கு வெயில் ஏறியதும் கழற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டு அலைய வேண்டும். சால்வை பஸ் கம்பியைப் பிடிக்க விடாது. கையில்லாததோ நெஞ்சையும் முதுகையும் காக்கும், கைகளைச் சும்மா விட்டுவிடும். ஆபீஸில் கார்பன் பேப்பர் வைத்து அழுத்தி எழுதிப் பழகியவனுக்கு அதன் அருமை தெரியும்.

போடுவதிலும் ஒரு முறை இருக்கிறது. உள்ளே முழுக்கைச் சட்டைதான் போட வேண்டும். அரைக்கைச் சட்டைமேல் போட்டால் கான்வென்ட் பையன் மாதிரி இருக்கும் (என் மனைவியின் தீர்ப்பு இது, மேல்முறையீடு கிடையாது). கழுத்து 'வி' வடிவமாக இருந்தால் காலர் உள்ளே அடங்கி உட்காரும். வேட்டிக்கு மேல் போடுகிறவர்கள், சட்டையின் அடி ஸ்வெட்டருக்குக் கீழே நாலு விரலுக்கு மேல் தொங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். வெள்ளைச் சட்டைக்குக் காப்பிக்கொட்டை நிறமோ கருநீலமோ எடுப்பு. சட்டைப் பை உள்ளே போய்விடுவதால் மூக்குக் கண்ணாடி எடுக்க நாம் படும் பாட்டைப் பார்த்து பேங்க் கவுண்டரில் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். அதற்கு மட்டும் எனக்கு இன்றுவரை வழி தெரியவில்லை.

நான் படித்தது புதுச்சேரியில், பிரெஞ்சு மொழியில். அந்த மொழியில் ஸ்வெட்டருக்கு 'ஷாந்தாய்' என்று ஒரு சொல் உண்டு. பூண்டு வியாபாரி என்று பொருள்படும் 'மர்ஷான் தாய்' என்பதன் வால்தான் அது. பாரீஸின் லே ஆல் சந்தையில் காய்கறி விற்றவர்கள் போட்டதால் வந்த பெயர். கையில்லாததற்கு 'தெபார்தேர்' என்பார்கள். சுமை இறக்குகிற தொழிலாளியின் பெயர் அது. நம் ஊர்ப் பஜாரில் வத்தல் மூட்டை இறக்குகிறவரும் பருப்புக் கடைக்காரரும் போட வேண்டியதைத்தான் பிற்காலத்தில் கோல்ப் ஆடுகிற பிரபுக்களும் கல்லூரிப் பேராசிரியர்களும் போட்டுக்கொண்டு கௌரவமாக்கிவிட்டார்கள். உழைப்பாளியின் உடுப்பு என்பதை மனதில் வையுங்கள். நான் சொல்ல வந்ததும் ஓர் உழைப்பாளியைப் பற்றித்தான்.

எழுபதுகளில் மத்திய கலால் துறையில் குமாஸ்தாவாகச் சேர்ந்து, தீப்பெட்டி ஆபீஸ்கள் நிறைந்த இந்தப் பக்கம் வந்தேன். அப்போதெல்லாம் தீப்பெட்டிமேல் வரி கட்டியதற்கு அடையாளமாக 'பேண்ட்ரோல்' என்னும் காகிதப் பட்டை ஒட்டியிருக்கும். அதுவும் பிரெஞ்சுச் சொல்தான். நான் படித்த பிரெஞ்சு உத்தியோகத்தில் பயன்பட்டது அந்த ஒரு சொல்லுக்குத்தான் என்று நண்பர்கள் கேலி செய்வார்கள். அது போகட்டும். வந்தவன் இங்கேயே தங்கிவிட்டேன்.

நாலு வருஷத்துக்கு முந்தைய மார்கழி. காலையில் நடக்கப் போகும்போது, அடுத்த தெருப் பெண் ஒருத்தி வெடி ஆபீஸ் வண்டிக்காக முக்கில் நிற்பாள். சேலைமேல் அவள் வீட்டுக்காரரின் பழைய சட்டை. கையில் தூக்குவாளி. அந்த வண்டிக்குப் பாதி ஜன்னலில் கண்ணாடி கிடையாது. நடுங்கிக்கொண்டே நிற்பாள். மதுரையில் திபெத்தியர்களிடம் வாங்கிய ஸ்வெட்டர் ஒன்று, அரக்கு நிறம், அதிகம் போடாதது, என்னிடம் இருந்தது. எடுத்துக் கொடுத்தேன். கொடுத்ததில் எனக்கு உள்ளூரப் பெருமைதான்.

மறுநாள் காலையிலேயே திரும்பி வந்துவிட்டாள். "தாத்தா, கோவிச்சுக்காதீங்க. போர்மேன் கேட்டுலயே நிறுத்திட்டாரு. கழத்தி வாட்ச்மேன்கிட்ட குடுத்துட்டு வர்றேன்னேன். கழத்துன கையோட மருந்துப் பக்கம் வராத, நாளைக்கு வான்னுட்டாரு" என்றாள். ஒரு நாள் கூலி போயிற்று. எனக்கு அந்த ஆள்மேல் ஆத்திரமான ஆத்திரம். ஏழை குளிருக்குப் போட்டது அவருக்கு என்ன உறுத்துகிறது என்று வீட்டில் சத்தம் போட்டேன்.

அன்றைக்கு ராத்திரி கரண்ட் இல்லை. இருட்டில் என்னுடைய ஸ்வெட்டரைத் தலைவழியே கழற்றினேன். பட்பட்டென்று ஒரு சத்தம். கழுத்தருகே நீலமாகப் பொடிப்பொடியாக மினுங்கி மறைந்தது. கைமயிர் நட்டமாக நின்றது. எத்தனையோ வருஷமாகப் பார்ப்பதுதான். அன்றுதான் உட்கார்ந்துவிட்டேன்.

பள்ளியில் எங்கள் பௌதிக வாத்தியார் எபோனைட் குச்சியைப் பூனைத் தோலில் தேய்த்து மேஜைமேல் காகிதத் துணுக்குகளைத் தாவ வைப்பார். நிலைமின்சாரம் என்று பிரெஞ்சில் நெட்டுருப் போட்டு மார்க்கும் வாங்கியவன் நான். அந்தப் பாடம் போர்மேனுக்கு ஞாபகம் இருந்தது, எனக்கு இல்லை.

விஷயம் இதுதான். குறைந்த விலையில் கிடைக்கும் ஸ்வெட்டர் பெரும்பாலும் லூதியானாவிலிருந்து வரும் அக்ரிலிக். அது செயற்கை நூல், ஈரத்தை இழுக்காது. உரசலில் ஏறிய மின்சாரம் அதிலேயே தங்கிவிடும். மழை விட்டுக் காற்று உலர உலர இன்னும் அதிகம் தங்கும். உடம்பிலிருந்து பாயும் பொறி நம் விரலுக்குச் சுருக்கென்று உறைக்க வேண்டுமானாலே சுமார் 3,000 வோல்ட் ஏறியிருக்க வேண்டும் என்கிறார்கள். நமக்கு அது ஒரு சுருக்கு. அலுமினியப் பொடி கலந்த மருந்துக்கு அது போதும். ஆட்டு ரோமக் கம்பளியும் இதில் முழு யோக்கியன் இல்லை. ஈரம் நன்றாகப் பிடிக்கும்தான், ஆனாலும் காற்று உலர்ந்தால் அதிலும் மின்சாரம் ஏறும். பருத்தி ஈரத்தை வைத்துக்கொண்டு மின்சாரத்தைக் கசியவிட்டுவிடும். வெடி ஆபீஸில் பருத்தி உடுத்து என்று தலைதலையாய் அடித்துக்கொள்வது இதனால்தான். பருத்தி உடுத்தினால் விபத்தே வராது என்று சொல்லவில்லை. 2012 செப்டம்பரில் முதலிப்பட்டியில் நாற்பது பேரளவுக்குப் பறிகொடுத்த மாவட்டம் இது. விபத்துக்கு உரசல், வெயில், அவசரம், அளவுக்கு மீறிய சரக்கு என்று எத்தனையோ காரணம். அதில் ஒன்றை நான் என் கையாலேயே பரிசாகக் கொடுத்தனுப்பினேன் என்பதுதான் என் வயிற்றைக் கலக்கியது.

ஆகவே என் அபிப்பிராயம்: நம் ஊரில் ஸ்வெட்டர் வாங்கினால் நிறத்தைப் பார்க்குமுன் காலரின் உள்பக்கத் துண்டைப் பாருங்கள். நமக்கென்ன, நாம் பென்ஷன்காரர்கள், அக்ரிலிக் போட்டால் குடி முழுகிவிடாது. ஆனால் நாம் போட்டது நம்மோடு நிற்பதில்லை. வேலைக்கார அம்மாவுக்கும் அடுத்த தெருவுக்கும் கைமாறும். பொங்கலுக்கு மொத்தமாக ஸ்வெட்டரும் கம்பளியும் தானம் செய்கிற சங்கத்தார் இதை யோசிக்க வேண்டும். கடைக்காரர்கள் நூல் எதுவென்று தமிழில் எழுதி ஒட்டினால் புண்ணியம். போர்மேன் கேட்டில் நிறுத்தியது சரி. ஆனால் குளிருக்கு என்ன போடுவது என்பதற்கும் யாராவது பதில் சொல்ல வேண்டுமல்லவா? கண்ணாடியில்லாத வண்டியில் ஏற்றிக்கொண்டு போய், ஸ்வெட்டரும் கூடாது என்றால் எப்படி? ஆளுக்கொரு பருத்திக் கையில்லா மேல்சட்டை தீபாவளி போனஸோடு கொடுப்பது முதலாளிகளுக்குப் பெரிய செலவில்லை. பருத்தி விளைந்த கரிசல் மண் இது. ராஜபாளையத்தில் நூற்கிறார்கள், அருப்புக்கோட்டையில் நெய்கிறார்கள், திருப்பூரில் பின்னுகிறார்கள். நாமோ லூதியானாவிலிருந்து அக்ரிலிக் வாங்குகிறோம்.

அந்தப் பெண்ணுக்குக் கூலியை ஈடுகட்டப் பணம் கொடுத்தேன், வாங்க மறுத்துவிட்டாள். பிறகு அருப்புக்கோட்டைக் கைத்தறித் துணியை இரண்டு மடிப்பாக வைத்து, பித்தானுக்குப் பதில் நாடா வைத்துத் தைக்கச் சொன்னேன். போர்மேனிடம் காட்டி அவர் சரி சொன்ன பிறகுதான் போட்டாள். அளவு கொடுக்க வந்த அன்று டெய்லர், "பை ரெண்டு வச்சிருவமாம்மா?" என்றார்.

"பை வேண்டாம்ணே. செல்லு வைக்கத் தோணும்" என்றாள்.