'கான்ட்ராபேண்ட்': கடத்தல் பொருளைக் குறிக்கும் சொல் மனிதர்கள் மீது ஒட்டப்பட்டது எப்படி?

விமான நிலையத்தில் தங்கம் பிடிபட்டாலும் சரி, நடுக்கடலில் போதைப்பொருள் சிக்கினாலும் சரி, அதிகாரிகளின் ஆங்கில அறிக்கைகளில் அடிக்கடி தென்படும் சொல் 'கான்ட்ராபேண்ட்'. தமிழில் 'கடத்தல் பொருள்' என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். ஆனால், ஒரு காலத்தில் இந்தச் சொல்லால் மனிதர்களையே அழைத்தார்கள். அந்தக் கதை என்னன்னு பார்ப்போம்.

சொல்லின் பொருள் என்ன?

இத்தாலிய மொழியில் 'கோன்ட்ரா' என்றால் எதிராக. 'பாண்டோ' என்றால் ஊரறியச் சொல்லப்படும் அரசு அறிவிப்பு. சிம்பிளா சொன்னா, 'தண்டோராவை மீறி வந்த சரக்கு'. தடை என்ற பொருளில் நாம் சொல்லும் 'பேன்' கூட இதே குடும்பத்துச் சொல்தான்.

அதாவது, குற்றம் சரக்கில் இல்லை. ஆணையை மீறுவதில் இருக்கிறது. இந்தியாவில் 1968 தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டம் இருந்தவரை, சாதாரண மக்கள் வீட்டில் தங்கக் கட்டி வைத்திருப்பதே குற்றம். 1990-ல் அந்தச் சட்டம் நீக்கப்பட்டது. தங்கம் அதேதான், மாறியது ஆணை மட்டுமே.

1861-ல் என்ன நடந்தது?

போர்க் காலத்தில் எதிரிக்கு உதவும் சரக்குக்கும் இதே பெயர்தான். அதை வழியிலேயே பறிமுதல் செய்யலாம்.

அமெரிக்க உள்நாட்டுப் போர் தொடங்கிய 1861 மே மாதம், வர்ஜீனியாவில் வடக்குப் படையின் வசம் இருந்த மன்ரோ கோட்டைக்கு மூன்று அடிமைகள் தப்பி வந்தார்கள். பிராங்க் பேக்கர், ஷெப்பர்டு மல்லோரி, ஜேம்ஸ் டவுன்சென்ட். தெற்குப் படைக்காகப் பீரங்கித் தளம் கட்டும் வேலையில் அவர்கள் ஈடுபடுத்தப்பட்டிருந்தனர். தப்பிய அடிமையைத் திருப்பித் தர வேண்டும் என்ற சட்டத்தைக் காட்டி, உரிமையாளர் தரப்பு அவர்களைக் கேட்டது.

கோட்டைத் தளபதி பெஞ்சமின் பட்லர் அடிப்படையில் ஒரு வக்கீல். "நீங்கள்தான் தனி நாடு என்கிறீர்களே, அப்புறம் எங்கள் சட்டம் உங்களுக்கு எப்படிப் பொருந்தும்?" என்பது அவரது வாதம். அடிமைகளைச் சொத்து என்கிறீர்களா? அப்படியென்றால் எதிரிக்கு உதவிய அந்தச் சொத்தைப் பறிமுதல் செய்கிறேன் என்றார். மூவரும் தப்பித்தார்கள். அடுத்தடுத்து ஆயிரக்கணக்கானோர் வந்தனர். ஆனால், அவர்களுக்குக் கிடைத்த பெயர் 'கான்ட்ராபேண்டுகள்'. விடுதலையின் வாசல் திறந்தது. ஆனாலும் சொல்லில் அவர்கள் சரக்காகவே இருந்தார்கள். அடிமை முறையை ஒழித்த 13-வது சட்டத்திருத்தம் 1865-ல்தான் வந்தது.

இன்றைக்கு இது எதற்கு?

தமிழில் 'கட' என்றால் தாண்டு. 'கடத்து' என்றால் தாண்டச் செய். இயற்பியலில் வெப்பமும் மின்சாரமும் கடத்தப்படுகின்றன. செய்தியிலோ தங்கம், மணல், விமானம், குழந்தை, பெண் என எல்லாமே 'கடத்தல்'தான்.

சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. சரக்குக் கடத்தலுக்கு 1962 சுங்கச் சட்டம். மனிதர்களைச் சுரண்டலுக்காகக் கடத்துவதற்கு பாரதிய நியாய சன்ஹிதாவின் 143-வது பிரிவு. பாதிக்கப்பட்டவர் சம்மதித்தாரா என்பது அந்தக் குற்றத்தை முடிவு செய்வதில் ஒரு பொருட்டே இல்லை என்றும் அது சொல்கிறது.

ஆனாலும், ரெய்டு செய்திகளில் 'அழகிகள் சிக்கினர்' என்ற தலைப்பு இன்னும் முழுசா ஒழியவில்லை. வேலை தருவதாக ஏமாற்றி அழைத்துவரப்பட்ட ஒரு பெண், அந்த ஒரு வரியில் பிடிபட்ட சரக்காகிவிடுகிறார். அவரைக் கொண்டுவந்து விற்றவர் செய்தியின் கடைசிப் பத்தியில் 'தலைமறைவு' என்று முடிந்துபோகிறார்.

பறிமுதல் செய்வதும் பிடிபடுவதும் சரக்குக்கான சொற்கள். மனிதர்களுக்கு 'மீட்பு' என்ற சொல் நம்மிடம் இருக்கிறது. செய்தி எழுதுபவர்களும், அதற்கான தகவலைத் தரும் காவல்துறையும் முதலில் அந்தச் சொல்லைப் பழக்கத்துக்குக் கொண்டுவர வேண்டும்.