ஒகேனக்கல்லில் 'ஒரு கிலோ மீன்'

டோக்கியோ மீன் சந்தையின் விடிகாலைச் சிற்றுண்டியைப் பற்றித் தமிழில் எழுதப்படும் பயணக் கட்டுரைகளுக்கு ஒரு வார்ப்பு அமைந்துவிட்டது. ஐந்து மணிக் குளிர், பத்துப் பேர் அமரும் கடை, சோற்றின் மேல் சமைக்காத சூரைத் துண்டம், பேசாத சமையற்காரர், உடனே ஒரு ஜென் தரிசனம். அதில் எமக்குப் புகார் இல்லை. இதே பேனாக்கள் ஒகேனக்கல்லுக்கு வந்தால் அருவியை மட்டும் எழுதிவிட்டுச் சாப்பாட்டைப் 'பிக்னிக் கும்பல்' என்று ஒரு வரியில் கடந்துவிடுகின்றனவே, அதுதான் புகார்.

தருமபுரி மாவட்டத்தின் அந்தக் காவிரிக் கரையில் நடப்பதும் மீன் சந்தைச் சிற்றுண்டிதான். கரைக்கு வந்த மீனை வாங்கி, அங்கேயே அடுப்பு மூட்டியிருக்கும் பெண்களில் ஒருவரிடம் கொடுக்க வேண்டும். பாத்திரமும் கைப்பக்குவமும் அவருடையவை. காரம் எவ்வளவு என்று நம்மைக் கேட்டுவிட்டு, நம் பதிலைப் பொருட்படுத்தாமல் தம் கணக்கில் போடுவார். (சரியான கணக்கு அதுவே.) சுஷி செய்பவருக்கு 'கலைஞர்' பட்டம் வழங்கும் நாம் இவருக்கு வழங்கத் தயங்குவது ஏன்? விறகுப் புகையா, அவர் வெறும் 'சமையல்காரம்மா' என்பதாலா, மீன் தின்பதை அயல்நாட்டில் மட்டும் பண்பாடாகக் காணும் பழைய சாதி மூக்கா? மூன்றாவதே என்பது எமது துணிபு.

'சுத்தமில்லை' என்ற பதில் தயாராக இருக்கும். பாறைகளில் கிடக்கும் பிளாஸ்டிக் தட்டுகள் பெரும்பாலும் உண்டு சென்ற நம்முடையவை, ஐயா.

இதைவிடப் பெரியது இன்னொன்று. மீனின் பெயர், பிடித்த இடம், வளர்ப்பு மீனா, உறையவைத்து இளக்கியதா என்பதையெல்லாம் கடையில் எழுதிவைக்க ஜப்பானில் சட்டம் உண்டு. அங்கு செல்லும் நம்மவர் மகுரோ, ஹமாச்சி, உனி என்று மனனம் செய்து திரும்புகிறார். ஒகேனக்கல்லில் அவரே 'ஒரு கிலோ மீன்' என்கிறார். அந்த ஒரு கிலோவில் இருப்பது யார்? கட்லாவும் ரோகுவும் வட இந்திய ஆறுகளிலிருந்து கொண்டுவந்து விடப்பட்டவை. ஜிலேபி, 1952இல் இந்தியாவுக்குள் வந்த ஆப்பிரிக்க மீன். 'காவிரி மீன்' என்று நாம் சப்புக்கொட்டுவதில் பெரும்பகுதி காவிரிக்குக் குடிவந்தது. குடிவந்தவற்றின் மீது பகையில்லை. எளியவர் வயிற்றுக்கு அவை வேண்டும்.

ஆனால் காவிரிக்கே உரிய திமில் மஹ்சீர் என்னவாயிற்று? ஐம்பது கிலோவையும் தாண்டி வளரக்கூடியது. வெள்ளைக்காரத் தூண்டில்காரர்கள் 19ஆம் நூற்றாண்டிலேயே புகழ்ந்தது. அதன் அறிவியல் பெயர் 'டோர் ரெமாதேவியே' என்று உறுதிப்பட்டதே 2018இல்தான். அதே ஆண்டில் அழிவின் விளிம்பில் நிற்கும் இனங்களின் பட்டியலிலும் அது சேர்ந்தது. அந்த அக்டோபரில் ட்ஸுகிஜியின் உட்சந்தை டொயோசுவுக்கு இடம்பெயர்ந்ததற்கு உலகெங்கும் இரங்கற் கட்டுரைகள் வந்தன. காவிரி மீனுக்கு நம் இலக்கியப் பக்கங்களில் ஒரு வரி எழுந்ததாக எமக்கு நினைவில்லை.

சங்கப் பாடல்களிலிருந்து கயல், வாளை, ஆரல், வரால் என்று பொறுக்கியெடுத்துத் தமிழரின் இயற்கையறிவை மெச்சும் நண்பர்கள், அவற்றைக் கூடையில் பார்த்தால் இனம் காண்பார்களா? கரையில் மீனறுக்கும் பெண்கள் காண்பார்கள். அடுத்த பயணக் கட்டுரைக்குக் குறிப்பேடு எடுப்பவர் முதலில் அவர்களிடம் போய் உட்காரட்டும். எந்த மீன் இப்போது வருவதில்லை என்று கேட்டு எழுதிக்கொள்ளட்டும்.